மைக் சாருக்கு விருது கிடைத்த விதம்

மைக் சாரை அரசு வேலைக்கு எடுத்தது கணக்கு ஆசிரியராக. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப்போக இது யாருக்கும் நினைவில் இல்லை. சில வருடங்களில் அவருக்கே பாதி மறந்துவிட்டது.

அந்தப் பெயர் அவருக்கு வந்ததே ஒரு மைக் செத்துப்போனதால்தான். வேலையில் சேர்ந்த புதிதில் பள்ளி ஆண்டு விழா. நிகழ்ச்சிகளை அறிவிக்க வேண்டிய விளையாட்டு ஆசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. புதிதாக வந்தவர் தலையில் எதையும் கட்டலாம் என்பது எழுதாத சட்டம். கட்டினார்கள். இவர் மேடையேறி "அனைவருக்கும் வணக்கம்" என்றதும் மைக் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது. இவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் தொண்டையிலேயே மிச்ச விழாவை நடத்தி முடித்தார். கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். மேடையில் தூங்கிக்கொண்டிருந்த கல்வி அதிகாரி திடுக்கிட்டு விழித்து, "யாருங்க இது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு சாருடைய கணக்குப் பாடம் முடிந்தது.

அதன் பிறகு கல்வி அலுவலகத்தில் எது நடந்தாலும் தலைமையாசிரியருக்கு ஒரு போன் வரும். "நாளைக்கு அவர அனுப்பி வைங்க." கழிப்பறைத் திறப்பு விழாவா, மரம் நடுவதா, ஓய்வுபெற்ற அதிகாரிக்கு வழியனுப்பு விழாவா, புதிய அதிகாரிக்கு வரவேற்பு விழாவா, எல்லாவற்றுக்கும் சார்தான். வருகிற தலைமையாசிரியர்கள் யாரும் மறுத்ததில்லை. மறுத்த ஒருவர் இப்போது பஸ் போகாத ஒரு பள்ளியில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டிலும் அந்தக் குரல் அடங்காது. அவருடைய மனைவி அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் பிறர் இருமலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, சாப்பாட்டு மேசையில் "அடுத்ததாக, நாம் அனைவரும் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்..." என்று கணவர் குழம்பைக் கேட்பது பொறுக்காது.

"குழம்பு வேணும்னா குழம்புன்னு சொல்லுங்க. வரவேற்புரை வேண்டாம்" என்பாள்.

சார் அசடு வழியச் சிரிப்பார். மனுஷன் கெட்டவர் இல்லை. கூப்பிட்டால் போவார், சொன்னதைப் பேசுவார், கொடுத்த பூங்கொத்தை வாங்கிக்கொண்டு வருவார்.

அவர் போன பிறகு அவருடைய வகுப்பு என்ன ஆகும்?

அவருக்குக் கொடுத்திருந்தது பி பிரிவு. பக்கத்து அறையில் ஏ பிரிவு. அதற்கும் கணக்குதான், அதற்கு ஒரு டீச்சர். இரண்டு அறைகளுக்கும் நடுவே மடக்குகிற மரத் தடுப்பு ஒன்று உண்டு. முதல் வருடம் டீச்சர் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, பி பிரிவுப் பிள்ளைகளிடம் "பேசாம இருங்க" என்று கத்திப் பார்த்தார். அவருக்குச் சின்னக் குரல். போதாததற்கு சாக்பீஸ் தூள் ஒத்துக்கொள்ளாது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தும்மல். அடுத்த வருடம் பேசாமல் தடுப்பையே மடக்கிவிட்டார். இரண்டு வகுப்பும் ஒரே வகுப்பாயிற்று. தூரத்தில் இருக்கும் பி பிரிவுக்குத் தெரியட்டும் என்று எழுத்துகளைப் பூசணிக்காய் அளவுக்கு எழுத ஆரம்பித்தார். சார் வகுப்புக்கு வருகிற நாட்களில் தடுப்பு மறுபடி விரியும். அது விரிந்தால் இன்றைக்குக் கூட்டம் எதுவும் இல்லை என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்.

டீச்சரைத் தேவதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சக ஆசிரியர் ஒருவர் சாக்பீஸ் கடன் கேட்டால் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆசிரியர் அறையில் யாராவது மாப்பிள்ளை பார்க்கிற கதையை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். அவரிடம் படித்தவர்கள் தெருவில் அவரைக் கண்டால் இன்றும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறார்கள். மரியாதையா பயமா என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் அவரிடம் கணக்கு வராமல் போனவர்கள் மிகக் குறைவு.

ஆகவே பி பிரிவின் தேர்ச்சி வருடா வருடம் நன்றாகவே இருந்தது. காகிதத்தில் பி பிரிவின் ஆசிரியர் மைக் சார்.

சார் அறிவித்த விழாக்களில் பெரியது சிறந்த ஆசிரியர் விருது விழா. அந்த விருதுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. தான் சிறந்த ஆசிரியர் என்று எவர் நினைக்கிறாரோ அவரே விண்ணப்பிக்க வேண்டும். தான் தன்னலமில்லாதவர் என்பதற்குத் தானே சான்றுகளை அடுக்க வேண்டும். பாடம் நடத்துகிற போட்டோ கட்டாயம். அதனால் அந்தப் பருவத்தில் பள்ளிகளில் பாடம் நடப்பது குறைந்து, பாடம் நடத்துவதுபோல் நிற்பது அதிகமாகும். ஒருவர் ஒரே மரக்கன்றை வருடா வருடம் வேறு வேறு சட்டையில் நட்டு விருது வாங்கினார். இன்னொருவர் கணினி அறை அமைத்ததற்காக வாங்கினார். பிள்ளைகள் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று அந்த அறையை இன்றுவரை பூட்டியே வைத்திருக்கிறார். இடையிடையே உண்மையிலேயே நல்ல ஆசிரியர்கள் சிலருக்கும் கிடைத்ததுண்டு. அலுவலகத்தின் கவனக்குறைவுதான் அதற்குக் காரணம் என்பார்கள்.

மேடையில் வாசிக்கும் பாராட்டுரைகளை எழுதுவதும் சார்தான். மெழுகுவர்த்தி, ஏணி, கலங்கரை விளக்கம் என்று மூன்று சரக்கு கைவசம் இருந்தது. அலுவலக எழுத்தர் ஒருவர்தான் கணக்கு வைத்திருந்து எச்சரிப்பார்: "சார், அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன தடவையே மெழுகுவர்த்தி போட்டாச்சு. ஏணி போடுங்க."

இப்படியே காலம் ஓடி, சாருக்குத் தலை நரைத்து, ஓய்வு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த ஒரு வருடத்தில் அது நடந்தது.

விருதுக்குத் தேர்வான ஓர் ஆசிரியர், பள்ளியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே நேரத்தில் பக்கத்து ஊரில் சொந்தமாக டியூஷன் நிலையம் நடத்திவந்தார் என்று ஒரு செய்தித்தாள் படத்தோடு போட்டுவிட்டது. விழாவோ நெருங்கிவிட்டது. அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"கேடயம் செஞ்சாச்சு. அழைப்பிதழ்ல எண்ணிக்கை போட்டாச்சு. இப்ப ஒரு ஆள் குறையுதே" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே, நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு மைக் சார் நின்றிருந்தார்.

"ஏங்க, நீங்களும் வாத்தியார்தானே?"

சார் சற்று யோசித்தார். "ஆமா சார்" என்றார். பிறகு, "கணக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

"உங்க ரிசல்ட் எப்படி?"

எழுத்தர் புரட்டிப் பார்த்தார். "பிரமாதமா இருக்கு சார்."

"அப்புறம் என்ன? நம்ம கூடவே இருக்கற வைரத்த நாமளே பாக்காம விட்டுட்டோமே! தகட்டுல பேர மாத்தச் சொல்லுங்க."

சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனையோ பேரை மேடைக்குக் கூப்பிட்ட வாய். ஒருநாள் தன்னையும் யாராவது கூப்பிடமாட்டார்களா என்று அவருக்கு மட்டும் இருக்காதா? மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"எனக்கு விருது குடுக்கறாங்க."

"எதுக்கு? நல்லா பேசறதுக்கா?" என்றாள் மனைவி.

"நல்லா பாடம் நடத்தறதுக்கு."

"யாரு?"

"நான்."

அவள் சிரித்தாள். நின்று சிரித்து, முடியாமல் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவர் முகம் சுண்டிப்போயிருப்பதைப் பார்த்தாள். சட்டென்று அடங்கினாள். "சரி விடுங்க. யார் யாரோ வாங்கறாங்க. அந்த நீல சட்டைய இஸ்திரி போடச் சொல்றேன். பொண்ணையும் வரச் சொல்லுவோம்" என்றாள். ஆறுதல் சொல்வதில் அவளுக்குப் பழக்கம் போதாது. மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்துத்தான் பழக்கம்.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து தன் பாராட்டுரையைத் தானே எழுதத் தொடங்கினார். ஊருக்கெல்லாம் கடகடவென்று எழுதிய கைக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. மெழுகுவர்த்தி என்று எழுதினார். அவருக்கே வாய் கோணியது. அடித்தார். ஏணி என்று எழுதினார். யார் ஏறினார்கள்? அதையும் அடித்தார்.

"எதையாவது எழுதுங்க சார், யார் கேக்கப்போறா?" என்றார் எழுத்தர்.

பாடம் நடத்துவதைப் பற்றி அவருக்கு உண்மையில் என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தார். கூட்டம் இல்லாத நாட்களில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டதும், இடுக்கு வழியே பார்த்ததும்தான் தெரிந்தது. அதை எழுதினார். எழுத எழுதக் கை ஓடியது. பிறருடையதை எடுக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. பாராட்டுரை நன்றாக வருகிறதே என்றுதான் தோன்றியது.

விழா ஒரு வேலை நாளில் நடந்தது. கல்விக்குப் பாடுபட்டவர்களைப் பாராட்ட, நான்கு பள்ளிகளின் பிள்ளைகளை வகுப்பிலிருந்து எழுப்பி வந்து, மண்டபத்து வாசலில் இரு வரிசையாக வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். தலைமை விருந்தினர் வர நேரமாகும் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குக் கைதட்டப் பயிற்சி கொடுத்தார்கள்.

நிகழ்ச்சியை நடத்துவதும் சார், விருது வாங்குவதும் சார் என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அதை அதிகாரி முன்பே யோசித்து வைத்திருந்தார்.

"உங்க பேர நீங்களே கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு மைக்க ஸ்டாண்டுல வெச்சிட்டு, பின்பக்கமா கீழ இறங்கி, சுத்தி வந்து, முன்படியில ஏறி வாங்க. படியேறி வந்தாத்தான் போட்டோ நல்லா இருக்கும்."

"நான் மேலதானே சார் நிக்கறேன்?"

"அதனாலதான் இறங்கச் சொல்றேன்."

ஒவ்வொருவராக அழைத்தார். கலங்கரை விளக்கங்கள் வந்து கேடயம் வாங்கிக்கொண்டு போயின. சபையில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மனைவி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காகிதம் சார் கைக்கு வந்தது.

"இந்த ஆசிரியர்" என்று ஆரம்பித்தார், "பின்னம் புரியாத பிள்ளைகளை மணி அடிக்கும் முன்பே வரவழைத்து, ஒரு காகிதத்தை மடித்து மடித்துக் காட்டி, பாதியும் காலும் கையிலே தெரியும்வரை விடாதவர். தப்பாகப் போட்ட கணக்கைச் சிவப்பு மையால் அடிக்காதவர். எந்த வரியில் வழி தவறியதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்து, 'இங்க திரும்பிப் பாரு' என்று அனுப்புகிறவர். கரும்பலகையை உற்று உற்றுப் பார்த்த ஒரு பெண்ணை மந்தம் என்று எல்லோரும் சொன்னபோது, அவள் வீட்டுக்கே நடந்து போய், கண்ணாடி போட வைத்தவர்..."

சபையில் போன்கள் மெல்லத் தாழ்ந்தன. மெழுகுவர்த்தி வராத பாராட்டுரையை அந்த மண்டபம் கேட்டதில்லை. தலைமை விருந்தினர்கூடப் பக்கத்திலிருந்தவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாருடைய குரல் ஏறிக்கொண்டே போய், பெயர் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்தது. வந்து நின்றது. பிறகு மண்டபம் அதிரப் பக்கத்து அறை டீச்சரின் பெயரைச் சொன்னார். தலைப்பெழுத்தை விடாமல், ஏ பிரிவு என்பதையும் சேர்த்து.

சபை கைதட்டியது. யார் பெயர் என்பதைப் பற்றி சபைக்குக் கவலை இல்லை.

மகள் அம்மாவின் கையைச் சுரண்டினாள். "அம்மா, அப்பா வேற யார் பேரையோ சொல்றாரு."

"தெரியுது. நிறுத்தாத, எடு" என்றாள் அம்மா.

தலைமை விருந்தினர் கேடயத்தோடு எழுந்து நின்றார். யாரும் வரவில்லை. வர வழியில்லை, டீச்சர் அந்நேரம் பள்ளியில் தடுப்பை மடக்கி வைத்து இரண்டு வகுப்புக்கும் சேர்த்துத் தும்மிக்கொண்டிருந்தார். கேடயம் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறியது. அதிகாரியின் முகத்தில் ரத்தம் இல்லை. மேடையில் ஓர் இடைவெளி விழுந்தால் அதை நிரப்பாமல் இருக்க சாருடைய உடம்புக்குத் தெரியாது.

"அவர் வகுப்பில் இருப்பதால்," என்றார் கம்பீரமாக, "அவர் சார்பில் அவருடைய சக ஆசிரியர் விருதைப் பெற்றுக்கொள்கிறார்."

மைக்கை ஸ்டாண்டில் வைத்தார். பின்பக்கமாக இறங்கினார். சுற்றி வந்தார். முன்படியில் மூச்சு வாங்க ஏறினார்.

"நீங்க யாரு?" என்று கேட்டார் தலைமை விருந்தினர்.

"பக்கத்து ரூம் சார்."

போட்டோ நன்றாக வந்தது. கேடயத்தின் தகட்டில் சாருடைய பெயர்தான் இருந்தது. யாரும் படித்துப் பார்க்கவில்லை.

விழா முடிந்ததும் அதிகாரி அவரை ஓர் அறைக்குள் இழுத்துப்போனார். "வாய் தவறிப்போச்சுன்னு எழுதிக் குடுங்க. இதோட முடிச்சுக்கலாம்."

சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "இன்னிக்குத்தான் தவறுச்சா, இல்ல இத்தன வருஷமா தவறிட்டு இருந்துச்சான்னு தெரியல சார்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை; அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதிகாரிக்கு அது கிண்டலாகப் பட்டது.

விளைவு டீச்சர் தலையில்தான் விடிந்தது. தன்னைப் பாராட்டிய விழாவுக்கு வராமல் இருந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. அந்நேரம் இரண்டு வகுப்புகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்று எழுதினார். யாருடைய அனுமதியோடு இரண்டு வகுப்புகளுக்கு நடத்தினீர்கள் என்று அடுத்த ஆணை வந்தது. விண்ணப்பிக்காமல் விருது பெற்றது எந்த விதியின் கீழ் என்று மூன்றாவது. வேலைக்கு வந்த நாளிலிருந்து வகுப்பை விட்டு அசையாத மனுஷி, அலுவலக பெஞ்சில் போய்ப் போய்க் காத்திருந்தார். அந்த நாட்களில் ஏ பிரிவும் பி பிரிவும் சேர்ந்து கத்தியது தபாலாபீஸ் வரை கேட்டது.

சார் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனார்.

"டீச்சர், இது உங்களோடது."

"நான் உங்கள கேட்டேனா?"

"இல்ல... நீங்க செய்யறதத்தான் சொன்னேன்."

"யார் சொல்லச் சொன்னா? நான் பாட்டுக்கு இருந்தேன். இப்ப என் பசங்க தசமத்துல பாதியில நிக்கறாங்க. நன்றி சொல்லணும்னா இத்தன வருஷத்துல ஒரு நாள் ஒழுங்கா உங்க வகுப்புக்கு வந்திருக்கலாம்ல?" ஒரு தும்மல் வந்து குறுக்கே விழுந்தது. "பேர் உங்களோடது, வேலை என்னோடது. அத எடுத்துட்டுப் போங்க."

கேடயம் தலைமையாசிரியர் அறையில், பெயர் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைக்கப்பட்டது.

சாருக்கு என்ன தண்டனை கொடுப்பது என்று அலுவலகம் கூடி ஆலோசித்தது. ஓர் ஆசிரியருக்குத் தரக்கூடியதிலேயே கடுமையானதைத் தேர்ந்தெடுத்தார்கள்: இனி எந்த நிகழ்ச்சிக்கும் அழைப்பில்லை, நாள் முழுதும் வகுப்பிலேயே இருக்க வேண்டியது.

முதல் நாள் பி பிரிவுக்குள் நுழைந்தார். முன் பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க யாருக்குப் பதிலா வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"எனக்குப் பதிலாத்தான்" என்றார் சார்.

பின்னங்களை ஆரம்பித்தார். "நம் அனைவரின் வாழ்விலும் நீங்கா இடம் பெற்ற பின்னங்கள்..." என்று குரலை எடுத்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பழக்கத்தில் நன்றி சொன்னார். போட்ட முதல் கணக்கே தப்பு. இரண்டாவது சரியாக வந்தது, ஆனால் எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மணி அடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இத்தனை மேடை ஏறியும் அவருக்கு இப்படி வியர்த்ததில்லை.

சாயங்காலம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு டீச்சரிடம் போய் நின்றார். டீச்சர் விடைத்தாள்களிலிருந்து நிமிரவில்லை.

"பசங்க நல்லா கேக்கறாங்க, ஆனா அவங்களுக்குப் புரிய மாட்டேங்குது டீச்சர்."

"கத்தறீங்கள்ல, எப்படிப் புரியும்?"

"கத்தலயே. பேசினேன்."

"நீங்க பேசறதுக்குப் பேரு அதுதான். இந்தப் பக்கம் என் வகுப்புல பாதி உங்களத்தான் கேட்டுட்டு இருந்துச்சு." ஒரு காகிதத்தை எடுத்து அவர் முன்னால் போட்டார். "பலகைகிட்ட நிக்காதீங்க. எவனுக்கு வரலையோ அவன் பக்கத்துல போய் உக்காருங்க. இத அவனே மடிக்கட்டும். நீங்க வாயத் திறக்காதீங்க."

வாயைத் திறக்காமல் இருப்பது சாருக்குப் பின்னத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பிள்ளை காகிதத்தை மடிப்பதைப் பார்க்கும்போது தொண்டைக்குள் ஒரு வாழ்த்துரை முட்டிக்கொண்டு நிற்கும், விழுங்குவார். ராத்திரி சாப்பிடும்போது மெல்ல, "கொஞ்சம் குழம்பு" என்றார். மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த வருடம் பி பிரிவின் தேர்ச்சி தடாலென்று விழுந்தது. கூட்டத்தில் அதிகாரி எல்லோருக்கும் முன்னால் காகிதத்தை ஆட்டினார். "பாருங்க! விழாவுக்கெல்லாம் வந்துட்டு இருந்தப்ப இவர் ரிசல்ட் எப்படி இருந்துச்சு? வகுப்புல உக்கார வெச்சதும் எப்படி ஆயிடுச்சு?" ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். புள்ளிவிவரம் அப்படித்தான் சொன்னது.

மறுபடி மைக் தருகிறோம் என்று அலுவலகத்திலிருந்து ஆள் விட்டார்கள். சாருக்குப் பதிலாக அவர்கள் பிடித்த அறிவியல் ஆசிரியர், தலைமை விருந்தினர் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டாராம். சார் கொஞ்சம் தடுமாறினார். ஆசை இல்லாமல் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் பாட்டுக்குத் தும்மல் கேட்டது. "தொண்ட சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு வந்த வருடங்களில் பி பிரிவின் தேர்ச்சி மெல்ல நிமிர்ந்தது. ஏ பிரிவை ஒருபோதும் எட்டவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்த விருது அதன்பின் யார் யாருக்கோ போனது.

சார் ஓய்வு பெற்ற நாளில் ஆசிரியர் அறையில் ஒரு சின்ன வழியனுப்பு. பேச்சுக்குப் பேர்போனவரைப் பற்றி யார் பேசுவது என்று எல்லோரும் தயங்கினார்கள். கடைசியில் டீச்சர் எழுந்தார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் அவர் குரல் கேட்காது.

"இவர் ரொம்ப வருஷம் நல்லா பேசினாரு. கடைசி சில வருஷம் பாடம் நடத்தினாரு. சுமாரா நடத்தினாரு" என்றார். தும்மிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த சார், சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் அதைச் சொன்னார். அவள் பாத்திரம் துலக்கப் போனாள். பின்னாலேயே போய் இன்னொரு தடவை சொன்னார்.

"சுமாருக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றாள் அவள்.

"உனக்கு அவங்களத் தெரியாது. அவங்ககிட்ட சுமார் வாங்கறது லேசுப்பட்ட காரியமா?" என்றார் சார்.